காபிக்கு எழுந்து போகிற சங்கம்

எங்கள் சங்கத்தில் இன்றுவரை ஒரு தீர்மானமும் தோற்றதில்லை. தோற்பது கிடக்கட்டும், இந்த வருஷம்வரை எதிர்ப்புக் குரல்கூடப் பதிவானதில்லை. குறிப்பேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் "ஒருமனதாக நிறைவேறியது" என்றே இருக்கும். வெளியாட்கள் பார்த்தால் வாத்தியார்களுக்குள் இத்தனை ஒற்றுமையா என்று மூக்கில் விரல் வைப்பார்கள். விஷயம் வேறு. தீர்மானத்தைப் படிப்பதற்கு முன்னால் அவைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெளியே காபி தயாராக இருக்கிறது" என்பார். தீர்மானம் பிடிக்காதவர்கள் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் கை தட்டுவார்கள். குடித்துவிட்டு வந்தவர்கள் அடுத்த தீர்மானத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். யாருக்கும் யார்மீதும் மனவருத்தம் கிடையாது.

நானும் இந்தச் சங்கத்தில் மூன்று காபி குடித்தவள்தான். மூன்றும் நல்ல காபி என்பதால் அப்போதெல்லாம் வெட்கப்படத் தோன்றவில்லை.

இதழியல் சொல்லித்தரும் ஆசிரியர்களின் சங்கம் இது. தமிழ்நாட்டுக்காரர்கள்தான் அதிகம். இலங்கையிலிருந்து சிலர், மலேசியாவிலிருந்து நாங்கள் இரண்டு பேர். நான் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். இந்த வருஷக் கூட்டம் பாளையங்கோட்டையில், மூன்று நாள். என்னோடு வர வேண்டியவர் முழங்கால் வலி என்று கடைசி நேரத்தில் நின்றுவிட்டார். அவர் மூட்டுக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்கிறது.

வண்ணார்பேட்டையில் இறங்கியதும் முதலில் வேலை செய்தது காதுதான். எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் சண்டைக்குக் கூப்பிடுவதாக அர்த்தம். இங்கே "வாரேன்", "போறேன்", "நல்லா இருக்கியா" எல்லாவற்றுக்கும் ஹாரன்தான். ஆட்டோக்காரர் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கல்லையா யக்கா கொண்டுட்டு வந்திருக்கீங்க?" என்றார். ஈப்போவின் வெள்ளைக் கோப்பிப் பொட்டலங்கள் என்றேன். "காப்பியா? இங்கன இல்லாத காப்பியா?" என்றவர், மனம் புண்பட்டுப்போய் தச்சநல்லூர் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

தச்சநல்லூரில் பேராசிரியர் சங்கரபாண்டியன் வீட்டில் தங்கல். அவர்தான் சங்கத்தின் செயலாளர், குறிப்பேட்டை எழுதுகிறவர். பல வருஷப் பழக்கம். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் மனைவி கோமதியும் நானும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வோம். மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றே பெயர். அந்த நினைப்பில் வாசலிலேயே, "மதினி, இனிமேதான் பசியாறணும்" என்று சொல்லிவிட்டேன். "வாய்விட்டுச் சொல்லுத விருந்தாளிய இப்பத்தான் பாக்கேன்" என்று சிரித்துக்கொண்டே தோசைக்கல்லைப் போட்டார். தோசைக்குப் புளிமிளகாய். பச்சை மிளகாயைப் புளியில் வேகவைத்துச் சுண்ட எடுத்த சமாச்சாரம். முதல் வாயில் கண் கலங்கியது. ஏழாவது தோசையில்தான் நின்றேன்.

ஏழாவது தோசை முடியும்வரை காத்திருந்துவிட்டு அண்ணாச்சி விஷயத்துக்கு வந்தார்.

"இந்தத் தடவை ஒரு தீர்மானம் வருது, டீச்சர். நம்ம செல்வராணி கொண்டு வாரா. நீங்க அந்நேரம் காப்பி குடிக்க வந்திருங்க."

தீர்மானம் ஒரு தலைவரைப் பற்றியது. பெயர் வேண்டாம். படிக்கிறவர்கள் அவரவர் ஊர்த் தலைவரை நினைத்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது. அவர் பத்திரிகையாளர்களைச் சந்திப்பார். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பவர்களை மட்டும். கேள்விகளை முதல் நாளே எழுதி அனுப்பிவிட வேண்டும். பதிலும் எழுத்தில்தான் வரும். நேரில் அவர் கும்பிடுவார், இவர்கள் படம் எடுப்பார்கள், சுண்டல் கொடுப்பார்கள். இப்படி நடந்த ஒரு சந்திப்பில் ஜெனிட்டா என்ற பெண் நிருபர் எழுந்து, எழுதிக் கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாள். ஆற்றில் சாக்கடை கலப்பது எப்போது நிற்கும் என்று. தலைவர் கும்பிட்டபடியே எழுந்து போய்விட்டார். அடுத்த சந்திப்பில் ஜெனிட்டாவின் பெயர் பட்டியலில் இல்லை. அவள் செல்வராணியின் பழைய மாணவி.

"அவ கேட்டது தப்புன்னு சொல்றீங்களா அண்ணாச்சி?"

"தப்புன்னு யாரு சொன்னா? நல்ல கேள்விதான். ஆனா எங்க துறையில புதுப் படிப்புக்கு அனுமதி கேட்டு அனுப்புன கோப்பு அந்தத் தலைவர் மேஜையில கெடக்கு. அது வரலேன்னா தற்காலிகமா இருக்க நாலு வாத்தியாருக்கு வேலை போயிரும். நாளைக்கு நம்ம பிள்ளைகளயும் எந்தக் கூட்டத்துக்கும் விட மாட்டான். நீங்களோ விசாவுல வந்திருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

அவர் மோசமான ஆள் இல்லை. மாணவர்களுக்கு வேலை தேடி எத்தனை பத்திரிகை ஆசிரியர்களின் அறைகளில் நின்றிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதோடு வயிற்றில் ஏழு தோசை. காபிக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் கட்டுரை வாசிப்பு. என் கட்டுரைக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிஷம். அதில் ஆறு நிமிஷம் என்னை அறிமுகப்படுத்தவே போயிற்று. மதியம் சொதிச் சாப்பாடு. இங்கே கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்தாம். தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் வெந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் வீட்டுச் சொதி மஞ்சளாக, தண்ணீர்போல, இடியப்பத்துக்கு ஊற்றுகிற மாதிரி இருக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்று, குணம் வேறு. எது மேல் என்று பக்கத்து இலைக்காரர் கேட்டதற்கு, இரண்டாவது முறை பரிமாறட்டும், சொல்கிறேன் என்றேன்.

அப்போது செல்வராணி எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பாளையங்கோட்டையின் பழைய மிஷன் பள்ளிக்கூடக் குடும்பம். அப்பா, அம்மா, அத்தை எல்லோருமே வாத்தியார்கள். குரலை உயர்த்தாமலே வகுப்பை அடக்குகிற ரகம்.

"பாண்டியன் சார் உங்களக் காப்பிக்குக் கூப்பிட்டிருப்பாரே?"

நான் இஞ்சிப் பச்சடியைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

"என் கணக்குக்கு நாப்பது பேரு ஆதரவா இருக்காங்க. நீங்க போனாலும் நிறைவேறிரும். ஆனா ஒண்ணு தெரிஞ்சிட்டுப் போங்க. ஜெனிட்டாவோட பத்திரிகை ஆசிரியர் அவட்ட சொல்லிட்டாரு. 'உனக்குப் பின்னால நாலு பேரு நிக்காங்கன்னு தெரிஞ்சா நானும் நிக்கேன். இல்லேன்னா ஒண்ணாந்தேதியில இருந்து நீ விளம்பரப் பிரிவு'ன்னு. இப்பவே அவள கடை திறப்பு விழாவுக்குத்தான் அனுப்புதாரு. கேள்வி கேளு, கேள்வி கேளுன்னு வகுப்புல சொல்லிக் குடுத்தது நாம. கேட்டுட்டு அவ தெருவுல நிக்கா."

பாயசம் வந்தது. செல்வராணியின் முகத்தைப் பார்க்காமலே இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் பொதுக்குழு மதியம்தான். காலையில் தனியாகவே பேருந்தில் போகிறேன் என்று அண்ணாச்சியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வண்ணார்பேட்டையில் மாறி ஏறிய டவுன் பஸ்ஸில் நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். காசை நீட்டினேன். பெண்களுக்கு இலவசம் என்றார். நான் வெளிநாட்டுக்காரி என்று நியாயத்தை எடுத்துச் சொன்னேன். "பொம்பளதானே? உக்காருங்க" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். எங்கள் ஊரில் அடையாள அட்டை காட்டாமல் தலைவலி மாத்திரைகூட வாங்க முடியாது என்று எனக்கு ஓர் எண்ணம். அந்தச் சீட்டைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நாற்று நடப் போகிற பெண்கள் நான்கு பேர், மடியில் தூக்குவாளி. என் பேச்சைக் கேட்டதுமே எந்த ஊர் என்று விசாரித்தார்கள்.

"மலேசியாவா? எங்க பெரியப்பா அங்கனதான் போனாரு. வரவே இல்ல. நீங்க எங்கயாவது பாத்தீங்களா?"

"அவர் பேர் என்னங்க?"

"முருகன்."

மலேசியாவில் முருகன்களுக்குப் பஞ்சமில்லை என்றேன். சிரித்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது எப்படி, அங்கே அரிசி என்ன விலை, மாமியார்கள் எப்படி என்று கேள்வி வந்துகொண்டே இருந்தது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு பக்கமும் வயல் வந்துவிட்டது. பாளையங்கோட்டை இன்னும் எவ்வளவு தூரம் என்று நடத்துநரைக் கேட்டேன்.

"அது போயி ரொம்ப நேரமாச்சே. இது சீவலப்பேரி."

அந்தப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், என் தலையில் அல்ல, அவரவர் தலையில். "நம்ம பேச்சுல அந்தம்மா வழி தப்பிட்டாக. பைய இறங்குங்கக்கா." இறக்கிவிட்டு, ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, வரப்பில் ஏறிப் போய்விட்டார்கள். திரும்பிப் போகிற பஸ் எப்போது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "வரும்" என்றார். நேரம் கேட்டதற்கும் அதே பதில்தான்.

செல்வராணிக்குப் போன் அடித்தேன். அரைமணி நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் பை, பையின் வாயில் பேனா.

"யக்கா, நான் ஜெனிட்டா. மிஸ் அனுப்பிச்சாவ. ஏறுறதுக்கு முன்னால ஒரு உதவி செய்யணும். எனக்கு இன்னைக்கு உங்ககிட்டத்தான் வேலை."

ஊரில் ஓர் அல்வாக்கடை புதுக்கிளை திறக்கிறதாம். வெளிநாட்டு விருந்தாளி அல்வாவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நாலு வரி வாங்கிவரச் சொல்லி ஆசிரியர் அனுப்பியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. இரண்டு ஆறுகள் சேர்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், படித்துறையில் உட்காரவைத்து, நோட்டைத் திறந்தாள்.

அல்வா நல்லா இருக்கு என்றேன். "எதோட வச்சுப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லுதீங்க?" என்றாள். எங்கள் ஊரில் கிடைப்பது ரப்பர்போல இழுக்கும் என்றேன். "எந்தக் கடை? நீங்க கடைசியா எப்பம் சாப்பிட்டீங்க?" நினைவில்லை என்றேன். "அப்பம் அத எழுத முடியாது." இங்கே எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். வந்ததிலிருந்து சாப்பிடவில்லை, எல்லோரும் கொடுத்தார்கள், பெட்டியில் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். பேனா நின்றது. "சாப்பிடாமலேயா நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

முப்பது வருஷமாக இதழியல் சொல்லித்தருகிறேன். என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை.

நோட்டை மூடிவிட்டு அவள் ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் அங்கே தெளிவாகத்தான் ஓடியது. "பாக்க அழகாத்தான் இருக்கும். மேல வந்து பாத்தா எந்த இடத்துல சாக்கடை கலக்குதுன்னு தெரியும். அதத்தான் கேட்டேன்." அவள் வீடு கடற்கரையில். அப்பா படகுக்காரர். "எங்கம்மா குசினியில சோறு பொங்கிட்டே கத்துச்சு. 'ஏட்டி, உனக்கு வேற கேள்வியே கெடைக்கலையா'ன்னு. எனக்கு அது ஒண்ணுதான்க்கா கெடைச்சுது." கேள்வி கேட்கிறதைத் தவிர வேறு வேலை எனக்குத் தெரியாது, விளம்பரப் பிரிவுக்குப் போனால் ஊருக்கே திரும்பிவிடுவேன் என்றாள். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். காபிக்கு வருகிறேன் என்று நான் கொடுத்த வாக்கை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மதியம் பொதுக்குழு. அரங்கத்தில் எழுபது பேருக்குக் குறையாது. அவைத்தலைவர் மதுரைக்காரர், சாந்தமானவர். செய்தியாளர்களுக்கு வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்திருந்தது ஜெனிட்டா மட்டும். முதல் இரண்டு தீர்மானங்கள் இரங்கல், நன்றி. மூன்றாவதாகச் செல்வராணி தாளோடு எழுந்தார். அவைத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

"வெளியே காபி தயாராக இருக்கிறது."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. எழுந்தேன். செல்வராணி பக்கம் திரும்பாமல் நடந்தேன். அண்ணாச்சி ஏற்பாடு என்றால் கேட்க வேண்டுமா? குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் டிரம்மில் காபி, தாம்பாளத்தில் சுடச்சுட உளுந்துவடை. டம்ளரை வாங்கிக்கொண்டு தூணோரம் நின்றேன். வராந்தாக் கடைசியில் ஜெனிட்டா என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"நான் ஆதரவுதான் வே. மனசார ஆதரவு. ஆனா நம்ம பேரு அதுல இருக்க வேண்டாம் பாரும்."

"எனக்கும் அதேதான். உள்ள இருக்கவங்க நிறைவேத்திருவாவ. நாம வேற எதுக்கு?"

இன்னும் சற்றுத் தள்ளி மூன்று பேர். அவர்களும் அதையேதான் பேசினார்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அரங்கத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். செல்வராணி தாளைப் பிடித்தபடி நின்றார். அவைத்தலைவர் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் விதிப்படி முப்பது பேர் அவையில் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த விதிக்கு வேலையே வந்ததில்லை.

அண்ணாச்சியிடம் போனேன். அவர் டிரம் பக்கத்தில் நின்று சர்க்கரை போதுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க. இந்தத் தீர்மானம் நிறைவேறணுமா, வேண்டாமா உங்களுக்கு?"

சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "நிறைவேறட்டும் டீச்சர். அந்தப் பிள்ள பாவம். நான் இல்லாம நிறைவேறட்டும்" என்றார்.

"உள்ள ஒன்பது பேர்தான் இருக்காங்க."

"என்னது? செல்வராணி ஆளுக நாப்பது பேரும் எங்க?"

"இங்கதான். வடை தின்னுட்டு இருக்காங்க."

அண்ணாச்சி வராந்தாவை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தீர்மானம் வேண்டும் என்று நினைத்த அத்தனை பேரும், மற்றவன் உள்ளே இருப்பான் என்று நம்பி வெளியே வந்து நிற்கிறோம். கையில் டம்ளரோடு நிற்கிற நானும் அதில் ஒருத்தி. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தால் மூளைக்கு முன்னால் வாய் வேலை செய்யும். சமையல் மாஸ்டரிடம் திரும்பி, "அண்ணே, இந்த டிரம்மைத் தூக்கி உள்ளே வைங்க. வடையையும்" என்றேன்.

"உள்ளயா? செயலாளர் சார் வெளியதான் வைக்கச் சொன்னாவ."

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணாச்சி தடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "பைய தூக்குங்கப்பா, சூடா இருக்கு" என்றார்.

இரண்டு பேர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் வடைத் தாம்பாளம். அதற்குப் பின்னால், பாதி டம்ளரோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டாவது டம்ளர் குடிக்காதவர்கள் வேகமாகவே வந்தார்கள். காபி டிரம் மேடைக்குக் கீழே, திருவள்ளுவர் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தது. அவைத்தலைவர் எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

செல்வராணி தீர்மானத்தைப் படித்தார். இரண்டே வாக்கியம். செய்தியாளர் சந்திப்பு எல்லாச் செய்தியாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். கேள்வி கேட்டதற்காக யாருடைய பெயரையும் நீக்கியது தவறு, அதைத் திருத்த வேண்டும். படித்துவிட்டு, "கை தூக்குங்க" என்றார். கை தூக்கி எங்களுக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பிள்ளைகள்போல ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு தூக்கினோம். என் கை காது உயரம்தான் போயிற்று. எதிர் வரிசையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுத் தோசையை நினைத்துக்கொண்டேன். அப்புறம் முழுசாகத் தூக்கினேன்.

எதிர்ப்பு யார் என்று கேட்டதும் அண்ணாச்சி எழுந்தே நின்றார்.

"நான் எதிர்க்கேன். மனசு ஒரு பக்கம் இருக்கு, கை ஒரு பக்கம் போகுது. ஒளிஞ்சிக்கிட்டு இருக்கதுக்கு இது மேல். நோட்டுல என் பேர நானே எழுதிக்கிடுதேன்."

அவரோடு இன்னும் பன்னிரண்டு கைகள் எழுந்தன. தீர்மானம் நிறைவேறியது. "ஒருமனதாக" என்ற வார்த்தை இல்லாமல் குறிப்பேட்டில் அண்ணாச்சி எழுதிய முதல் வரி அதுதான்.

கலைந்து வெளியே வந்தபோது ஜெனிட்டா நேரே அண்ணாச்சியிடம் போனாள்.

"சார், ஆதரிச்சவங்க பேசிட்டாங்க. ஒரு பக்கத்த மட்டும் எழுதினா செய்தி ஆகாது. நீங்க எதுக்கு எதிர்த்தீங்க?"

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சும்மா. கேள்விய எழுதி அனுப்பு, பதில் அனுப்புதேன்."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, கேளு."

"எதுக்கு எதிர்த்தீங்க?"

"எங்க துறைக் கோப்பு மேஜையில கெடக்கு. அதுல நாலு பேரு வேலை இருக்கு."

"கோப்ப நிறுத்தி வைப்போம்னு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்பம்?"

"பயம்தாம்மா. யாரும் மிரட்டல. நானாத்தான் பயந்தேன்."

"எழுதலாமா சார்?"

"எழுது. பேரோடயே எழுது."

மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். கோமதி மதினி தோசை வார்த்துக்கொண்டே பேப்பரை விரித்துப் பார்த்தார். கடை திறப்புப் பக்கத்தில் இல்லை. மாவட்டச் செய்தியில், ஜெனிட்டா பெயரோடு, மூன்று பத்தி. தீர்மானம், கை எண்ணிக்கை, செல்வராணி சொன்னது. கடைசியில் அண்ணாச்சி சொன்னது, கூட்டாமல் குறைக்காமல். "அவியளுக்கு இது தேவையா, சொல்லுங்க மதினி" என்றார் கோமதி மதினி. ஆனாலும் அந்தப் பத்தியை இரண்டு தரம் படித்தார்.

ஜெனிட்டாவின் போன் வந்தது. ஆசிரியர் அவளைச் செய்திப் பிரிவிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாராம். "ஒண்ணே ஒண்ணு சொன்னாருக்கா. நான் எழுதுனதுக்கு யாருட்ட இருந்தாவது மறுப்பு வந்துச்சுன்னா, அன்னைக்கே விளம்பரப் பிரிவு. பாண்டியன் சார் ஏதாவது சொன்னாரா?" இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். உண்மைதான். அண்ணாச்சி காலையிலிருந்தே யாரிடமும் பேசவில்லை.

அவள் போனை வைத்த கையோடு அண்ணாச்சியின் போன் அடித்தது. கல்லூரித் தாளாளர். அண்ணாச்சி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றே பேசினார். எங்களுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"வணக்கம் சார்... ஆமா, பாத்தேன்... ஆமா சார், நம்ம துறை பேரு வந்திருக்கு... புரியுது சார்."

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கோமதி மதினி தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கல்லில் தோசை புகைய ஆரம்பித்தது.

"மறுப்பா சார்?"

இடது கையால் நெற்றியைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை, மதினியையும் பார்க்கவில்லை.

"இல்ல சார். அந்தப் பிள்ள திரிச்சி எழுதல. நான் சொன்னதத்தான் எழுதியிருக்கா."

போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தள்ளிவைத்த தட்டை இழுத்துக்கொண்டார். மதினி கருகினதை எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வார்த்து நேரே அவர் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.